அப்பாவுக்கு வைத்த சோறு

நம் வயதுக்காரர்களில், சாப்பாட்டுக்கு முன் காக்காவுக்கு ஒரு பிடி சோறு வைக்காத வீட்டில் வளர்ந்தவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். இருக்க மாட்டீர்கள். சென்னையில் எந்த மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரைப் பார்த்தாலும், எந்தச் சமையலறை ஜன்னல் திட்டைப் பார்த்தாலும் அந்த மஞ்சள் கறை இருக்கும். மழை பெய்தாலும் போகாது. எங்கள் வீட்டு ஜன்னல் திட்டிலும் இருந்தது. நான் பையனாக இருந்தபோது ஒரு கோடையில் என் அம்மா அதைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். அந்தக் கோடையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். சொன்னால் மனது லேசாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கோட்டூர்புரத்தில், அடையாற்றை ஒட்டின ஹவுசிங் போர்டு குடியிருப்பில், மேல்மாடி எங்களுடையது. அப்பா பஸ் கண்டக்டர். மயிலாப்பூருக்கும் தி.நகருக்கும் நடுவே ஆயுளில் பாதியை நின்றுகொண்டே கழித்தவர். வீட்டிலும் நின்றுகொண்டேதான் சாப்பிடுவார். தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, சமையலறை வாசற்படியில் தோளைச் சாய்த்து, மிளகு ரசம் சாதத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டு விழுங்குவார். "உக்காந்து சாப்பிட்டா டிரைவர் வண்டிய எடுத்துட்டுப் போயிடுவாரா?" என்று அம்மா கேட்பாள். "போனாலும் போயிடுவான், யார் கண்டா?" என்பார். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு விசில் கிடக்கும். ஒரு ஊது ஊதினால் வண்டி நிற்கும், இரண்டு ஊதினால் கிளம்பும். வீட்டுக்குள் ஊதக்கூடாது என்று எனக்கு உத்தரவு. அதனாலேயே அதன் மேல் எனக்கு அப்படி ஒரு ஆசை.

மாசி மாதத்தில் ஒரு நாள் ஷிஃப்டு முடிந்து வந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அதே வாசற்படியில் உட்கார்ந்தார். அவர் அங்கே உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியத்தன்று மொட்டைமாடியில் இலை போட்டு வைத்தபோது, ஒரு பக்கத்து இறக்கை கொஞ்சம் தொங்கின காக்கா ஒன்று முதலில் வந்து கொத்தியது. திருவல்லிக்கேணி அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, என் தோளை அழுத்திக்கொண்டு, "பாருடா, உங்கப்பன் வந்துட்டான். ரசம் சோத்ததான் மொதல்ல எடுக்கிறான் பாரு" என்று சொல்லி அழுதாள். எனக்குச் சந்தேகமே வரவில்லை. அது நின்றுகொண்டுதானே சாப்பிட்டது.

அம்மா கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். பேய், பிசாசு, சகுனம் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், கிழித்துத் தோரணம் கட்டிவிடுவாள். ஆனால் அன்றிலிருந்து தினமும் காலையில், எனக்குத் தட்டு வைப்பதற்கு முன், ஜன்னல் திட்டில் ரசம் சாதத்தை உருண்டையாக வைத்து அதன் மேல் அப்பளத்தை நொறுக்கிப் போட்டாள். இறக்கை தொங்கின காக்கா வரும்வரை கரண்டியும் கையுமாக நிற்பாள். அது தின்ன ஆரம்பித்த பிறகுதான் என் பக்கம் திரும்புவாள். 'காக்கா ஓர் அனைத்துண்ணி. தானியம், புழு, முட்டை, குஞ்சு எல்லாவற்றையும் தின்னும்' என்று எங்கள் வகுப்பில் போர்டில் எழுதிப் போட்டவளும் இவள்தான். இரண்டும் அவளுக்குள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல் இருந்தன. இன்று யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. ஆனால் நாம் எல்லோருமே அப்படித்தான் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறோம்.

அப்பா போனபின் அம்மாவின் குரல் இறங்கிப்போனது. வகுப்பில்கூடக் கடைசி பெஞ்சுக்குக் கேட்காது. அவள் நடத்திவந்த இயற்கை மன்றம் அந்த வருஷம் அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தோம். மன்றம் என்றால் பெரிதாக எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பத்திருபது பேர் சனிக்கிழமைகளில் ஆற்றங்கரைப் பொட்டலில் குப்பை பொறுக்குவோம், அவ்வளவுதான். இடிந்த கட்டடங்களின் கல்லும் மண்ணும் கொண்டுவந்து கொட்டுகிற இடம் அது. சுற்றிலும் சீமைக் கருவேலம். மத்தியானம் கடல் காற்று திரும்பினால், ஆற்றின் நாற்றம் மேல்மாடிவரை ஏறி வரும். அந்தப் பொட்டலின் மறுபக்கத்தில் குடிசைகள். மன்றத்தில் பாதிப் பிள்ளைகள் அங்கிருந்து வந்தவர்கள்தான். அவர்களில் ஒருத்தி என் வகுப்புத் தோழி. என்னைவிட ஒரு சாண் உயரம், என்னைவிட ஒரு முழம் வாய்.

அவள்தான் சித்திரை வெயிலில் ஒரு நாள் எங்கள் வீட்டு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டிக்கொண்டு வந்தாள்.

"டீச்சர், டீச்சர்! பொட்டல்ல ஒரு பறவ என் மண்டையாண்டயே வந்து கத்துது. கீய முட்ட கீது டீச்சர்! கல்லுன்னு நெனச்சி மிதிக்கப் பூட்டேன்!"

அம்மா செருப்புப் போடாமலேயே ஓடினாள்.

ஆட்காட்டிக் குருவி. பார்த்திருப்பீர்கள். மஞ்சள் கால், கண்ணுக்கு முன்னால் சிவப்புச் சதை, கறுப்புத் தொப்பி. ஆள் வந்தால் ஊரையே கூட்டிவிடும். அது கூடு என்று எதையும் கட்டுவதில்லை. தரையில் லேசாகப் பள்ளம் பறித்து, சுற்றிலும் பொடிக்கல் வைத்து, அதற்குள் முட்டையிடும். முட்டையும் மண் நிறம்தான். மேலே கருந்தீற்றல். அம்மா மண்டியிட்டுப் பார்த்தாள். இரண்டு பறவைகளும் அவள் தலைமேல் பாய்ந்து பாய்ந்து கத்தின. அவள் சிரித்தாள். அப்பா போனபின் நான் கேட்ட முதல் சிரிப்பு அது. "எல்லாரும் ஓரமா வாங்கடா!" என்று அவள் போட்ட அதட்டல் பாலத்துக்குக் கேட்டிருக்கும். அவள் குரல் திரும்பிவிட்டது. அதற்காக அந்தப் பறவையின் காலில் விழலாம் போல எனக்கு இருந்தது.

மறுநாளிலிருந்து எங்களுக்குப் பாதுகாப்பு வேலை. யாரும் மிதித்துவிடக் கூடாதே என்று, முட்டையிருந்த இடத்தைச் சுற்றிக் கற்களை வட்டமாக அடுக்கிச் சுண்ணாம்பு அடித்தோம். நான்கு பக்கமும் சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டினோம். தோழி தன் பழைய பாவாடையைக் கிழித்துக் கொடி கட்டினாள். பார்க்கத் தேர்தல் பூத் மாதிரி ஜோராக இருந்தது. கோடை விடுமுறையாதலால், பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு காலையிலேயே தூக்குவாளியோடு அங்கே வந்துவிடுவார்கள். அம்மாவும் அடுப்பை அணைத்த கையோடு கிளம்பிவிடுவாள். அதனால் அப்பாவுக்கு வைக்கிற சோறும் அவளோடு அங்கே வந்தது. வேலிக்குப் பக்கத்தில் ஒரு பட்டைக்கல். அதன் மேல் எவர்சில்வர் மூடியைக் கவிழ்த்து உருண்டையை வைப்பாள். இறக்கை தொங்கின காக்காவும் எப்படியோ இடத்தைக் கண்டுபிடித்து வந்துவிட்டது.

"டீச்சர், இன்னாத்துக்குக் காக்காவுக்கு வெக்கிறீங்க?" என்று ஒரு பொடியன் கேட்டான்.

அம்மா ஒரு நிமிஷம் தடுமாறினாள். வீட்டுக் கதையைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வாள்? "முதல் பிடி நமக்கில்லடா. சுத்தி இருக்கிற உயிருக்கு. காக்காவும் நம்ம பறவைதானே?" என்றாள்.

அவ்வளவுதான். அது மன்றத்தின் பாடமாகிவிட்டது. ஒவ்வொரு பிள்ளையும் தூக்குவாளியைத் திறந்ததும் முதல் பிடியைப் பட்டைக்கல்லில் வைத்தது. பழையது, இட்லித் துண்டு, நேற்றைய மீன் முள். அம்மாவுக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பெருமை. தலைமையாசிரியர் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, "ஜீவகாருண்யம்னா இதுதாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு காக்கா பத்தாயிற்று, பத்து எத்தனையோ ஆயிற்று. கோட்டூர்புரத்துக் காக்கா, நந்தனத்துக் காக்கா எல்லாம் அங்கேதான். அவை உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதற்கு வசதியாக நாங்களே சவுக்குக் கம்பும் நட்டு வைத்திருந்தோம். முட்டை எங்கே இருக்கிறது என்று மேலிருந்து தெரியச் சுண்ணாம்பு வட்டமும் போட்டு வைத்திருந்தோம்.

ஒரு காலையில் போய்ப் பார்த்தால் பள்ளம் காலி. ஓட்டுத் துணுக்கு ஒன்று மட்டும் கல்லிடுக்கில் கிடந்தது. ஆட்காட்டிகள் இரண்டும் தூரத்தில், கத்தாமல் நின்றன.

அம்மாவின் முகம் மாறியது. அவள் மேலே பார்க்கவே இல்லை, குடிசைகளின் பக்கம்தான் பார்த்தாள். நான் இன்றும் மன்னிக்க முடியாமல் தவிக்கிற இடம் இது. மன்னிக்க நான் யார் என்பது வேறு விஷயம். அவள் நேரே குடிசை வரிசைக்குப் போய், அடிபம்பில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தோழியின் அம்மாவிடம், அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"உங்க பசங்கதான் எடுத்திருக்கணும். வேற யாரு அங்க வர்றாங்க? உங்க பொண்ணுக்குத்தானே முதல்ல இடம் தெரியும்?"

தோழியின் அம்மா கையிலிருந்த சாம்பலை உதறிவிட்டு எழுந்தாள்.

"இன்னா டீச்சர் இப்டி சொல்ற? எம்பொண்ணு காலைல எய்ந்து மொத வேலயா அந்த முட்டையத்தான் பாத்துட்டு வருது. தன் பாவாடயக் கியிச்சிக் கொடி கட்டிச்சு. ஊட்டாண்ட வந்து திருடின்றியே?"

"நான் திருடின்னு சொல்லலை."

"வேற இன்னா சொன்ன?"

 தோழி குடிசை வாசலில் தலையை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு வாயாடி, சீப்பை மட்டும் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வைகாசியில் அந்த ஜோடி மறுபடி முட்டையிட்டது. அதே பொட்டல்தான், கொஞ்சம் தள்ளி. வேலியை அங்கே மாற்றினோம், பட்டைக்கல்லையும் உருட்டிக்கொண்டு போனோம். பாதிப் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், குடிசைப் பிள்ளைகள் யாரும் வரவில்லை. ஒரு நாள் காலையில் அம்மாவும் நானும் மட்டும்தான் முதலில் போனோம். அம்மா மூடியைக் கவிழ்த்து உருண்டையை வைத்து, அப்பளத்தை நொறுக்கிப் போட்டாள். காக்காக்கள் கம்புகளிலிருந்து இறங்கின. இரண்டு மூன்று காக்காக்கள் ஆட்காட்டிகளின் பக்கம் போய் வாலைக் கொத்தி வம்பிழுத்தன. ஆட்காட்டிகள் துரத்திக்கொண்டு பறந்தன. இறக்கை தொங்கின காக்கா பறக்கவில்லை. சோற்றில் நாலு வாய் தின்றுவிட்டு, நடந்தே போனது. கயிற்றுக்கு அடியில் குனிந்து நுழைந்தது. நம் வீட்டு ஆள் சமையலறைக்குள் போய் ஒரு சாமானை எடுப்பதுபோல, ஒரு முட்டையை அலகில் எடுத்துக்கொண்டு மறுபடி பட்டைக்கல்லுக்கு வந்து, ரசம் சாதத்துக்குப் பக்கத்தில் வைத்து உடைத்தது.

அம்மா பாய்ந்து போனாள். மூடியை எடுத்து வீசினாள். காக்கா எழுந்து பறந்தது. மூடி கல்லில் பட்டு உருண்டு ஆற்றுச் சேற்றில் போய் விழுந்தது. அதைத் தேடி எடுக்கவும் இல்லை. கல்யாணத்தில் அவளுக்கு வந்த பாத்திரத்தின் மூடி அது. மூடியில்லாத அந்தப் பாத்திரம் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது, தட்டு வைத்துத்தான் மூடுகிறோம்.

அங்கேயே சவுக்குக் கம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். சுண்ணாம்புக் கற்களைப் புரட்டிப் போட்டாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே அடிபம்புக்குப் போனாள்.

"தப்பு என்னோடது," என்றாள் தோழியின் அம்மாவிடம். "காக்காதான் எடுத்துச்சு. நான் வெச்ச சோத்துக்கு வந்த காக்கா."

அந்த அம்மாள் கழுவின பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். "சர்தான், வுடு டீச்சர். ஆனா அன்னிக்குக் கத்திச் சொன்ன, இன்னிக்கு மெல்லமா சொல்ற. அதான் கொஞ்சம் பேஜாரா கீது."

அம்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். பம்பைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி, வகுப்பறைக் குரலில் அதையே மறுபடி சொன்னாள். எங்களுக்கு டீ கொடுத்தார்கள். தோழியும் வெளியே வந்தாள். "வெளயாட கூப்டு, வர்றேன். மன்றத்துக்கு வர்ல" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் சொன்னபடியேதான் நடந்தது. ஒரு சனிக்கிழமையும் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும்தான் அம்மா ஜன்னல் திட்டைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாள். மறுநாள் காலை ரசம் கொதித்தது. எனக்கு மட்டும் தட்டு வைத்தாள். திட்டிலும் வைக்கவில்லை, பொட்டலுக்கும் எடுத்துப்போகவில்லை. இறக்கை தொங்கின காக்கா பழைய இடத்தைத் தேடி ஜன்னலுக்கே வந்து உட்கார்ந்து கத்தியது. கம்பியில் அலகைத் தேய்த்தது. உள்ளே எட்டிப் பார்த்தது. அம்மா ஜன்னல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.  வெளியே அப்பா பசியோடு நிற்க, நான் உள்ளே உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தேன்.

சோறு நின்றாலும் காக்காக்கள் பொட்டலை மறக்கவில்லை. மீதி முட்டைகளையாவது காப்பாற்ற வேண்டும். அம்மா பீரோவைத் திறந்து அப்பாவின் விசிலை எடுத்து என் கையில் வைத்தாள். அதில் இன்னும் வெற்றிலைச் சுண்ணாம்பின் வாசனை இருந்தது. "கிட்ட போகாத. தூர நின்னு பாரு. காக்கா இறங்கினா மட்டும் ஊது" என்றாள். ஊதக்கூடாது என்று எத்தனை நாள் ஏங்க வைத்தார்கள். கடைசியில் இதற்கா கிடைக்க வேண்டும்?

கருவேல நிழலில் உட்கார்ந்திருப்பேன். கோட்டூர்புரம் பாலத்தின் மேல் பஸ் போகும், அங்கேயும் விசில் சத்தம் கேட்கும். காக்கா இறங்கினால் நான் ஊதுவேன். மற்றக் காக்காக்களுக்கு எப்படி வேண்டுமானாலும் ஊதினேன். இறக்கை தொங்கினது வந்தபோது மட்டும் ஒழுங்காக, இரண்டு ஊது ஊதினேன். கிளம்பு என்று அர்த்தம். அது தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. மறுபடி இரண்டு. எழுந்து, பாலத்துப் பக்கம் பறந்து போனது. நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டே அழுதேன், அதனால் அது தானாகவே விட்டு விட்டு ஊதிக்கொண்டிருந்தது.

ஆனியில் திருவல்லிக்கேணி அத்தை வந்தாள். காய்ந்து கிடந்த ஜன்னல் திட்டைப் பார்த்தாள். என் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கின விசிலைப் பார்த்தாள். நான் உளறிக் கொட்டிவிட்டேன்.

"ஏம்மா டீச்சரம்மா, என் தம்பிய அவன் விசில வெச்சே வெரட்டினியா? பெத்த புள்ளய விட்டு?"

"அண்ணி, அவர் உசுரோட இருந்திருந்தா ஒரு குருவி முட்டையை உடைச்சுத் தின்னுட்டு என்கிட்ட வந்து சோறு கேட்பாரா? சொல்லுங்க."

"செத்தவன்கிட்ட நியாயம் பேசறியா நீ? வயித்துக்கு இல்லாம அலையறான். உனக்குக் குருவி பெருசா?"

அம்மா காபி கலந்து கொண்டுவந்து வைத்தாள். அத்தை அதைத் தொடவில்லை. என் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். பிறகு எத்தனையோ கல்யாணம், காது குத்தில் பார்த்துக்கொண்டோம். விசிலைப் பற்றி அவளும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவள் காலமானபின் அவள் வீட்டுப் பிள்ளைகளிடம் விசாரித்தேன். பழைய சாமான்களோடு போயிருக்கும் என்றார்கள்.

குஞ்சுகள் பொரிந்தன. அதையும் சொல்ல வேண்டும். பிறந்த அன்றைக்கே, ஈர்க்குச்சியில் பஞ்சைச் செருகினதுபோலத் தாய்க்குப் பின்னால் ஓடின. அம்மா தூரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். நான் அவள் முதுகில் சாய்ந்துகொண்டு பார்த்தேன். அந்த முதுகு குலுங்கியது. சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

காலம் ஓடிவிட்டது. அந்தப் பொட்டலைச் சீரமைத்தார்கள். கல்லும் மண்ணும் அள்ளி, கருவேலத்தை வெட்டி, கோரையும் கண்டல் செடியும் நட்டு, சுற்றிலும் வேலி போட்டிருக்கிறார்கள். இந்தத் தடவை வேலி வேண்டிய தூரத்தில் இருக்கிறது. ஆட்காட்டி இருக்கிறது, நெடுங்கால் உள்ளானும் வருகிறது. குடிசைகள் இல்லை. பறவைகளுக்கு இடம் செய்வதற்கு முன்பே, அங்கிருந்த மனிதர்களை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு லாரி ஏற்றி அனுப்பியாகிவிட்டது. தோழி அங்கேதான் இருக்கிறாளாம். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். பல வருஷமாக நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ரிட்டயர் ஆனபின் குடியிருப்புச் சங்கத்தின் சார்பாக ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகிறேன். பைனாகுலர் கொடுத்து, வேலிக்கு இந்தப் பக்கம் நிறுத்தி, "இந்தப் பக்கத்துல யாரும் சோறு போடக் கூடாது, காக்கா கூடும், முட்டை போயிடும்" என்று வாய் கிழியச் சொல்கிறேன். சென்ற மாதம் ஒரு சின்னப் பெண் கேட்டாள். "அங்கிள், அப்ப எங்க தாத்தாவுக்கு எங்க வெக்கிறது?"

"உங்க அம்மாவைக் கேளு" என்று சொல்லி நழுவிவிட்டேன்.

என் அம்மாவை நான் கேட்டதில்லை. அவள் சயின்ஸ் டீச்சர், நம்பிக்கை இல்லை, நிறுத்தினாள், முடிந்தது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அவளுடைய தைரியத்தைப் பற்றிச் சங்கக் கூட்டத்தில் பேசியும் இருக்கிறேன். அந்தக் கோடைக்குப் பிறகு அவள் ரசம் சாதம் சாப்பிட்டதே இல்லை. எனக்கு வைப்பாள், மனைவி வந்தபின் அவளுக்கும் வைப்பாள். கேட்டால், "புளிப்பு ஒத்துக்கலடா" என்பாள். நானும் நம்பினேன். புளிப்பு ஒத்துக்கொள்ளாதவள் வத்தக்குழம்பை எப்படிச் சாப்பிட்டாள் என்று எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

போன வருஷம், படுக்கையில் விழுந்து கொஞ்ச நாளானபின், ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் போனப்புறம் எனக்குக் காக்காவுக்கு வைக்காதடா."

"சரிம்மா. குருவிக்குத்தானே? எனக்குத் தெரியாதா?"

"குருவிக்காக இல்ல." மூச்சு வாங்கியது. "உங்கப்பாவைப் பட்டினி போட்டவ நான். எனக்கு மட்டும் எதுக்கு?"

அவள் காலைப் பிடித்துவிட்டேன். 'அது வெறும் காக்காம்மா' என்று சொல்லியிருக்கலாம். பத்து வயதில் அதற்கு இரண்டு விசில் ஊதினவன் எப்படிச் சொல்வேன்?

முந்தாநாள் அவளுடைய முதல் வருஷத் திதி. மகன், மருமகள், பேரப் பிள்ளைகள் எல்லோரும் வந்திருந்தார்கள். மனைவி வடை, பாயசத்தோடு படையல் போட்டாள். சம்பிரதாயம் உங்களுக்குத் தெரியும். காக்கா எடுத்தால்தான் வீட்டார் சாப்பிடலாம். அம்மா சொன்னதை மனைவியிடம் சொல்லியிருந்தேன். அவள் கேட்டுக்கொண்டாள், ஆனால் ஒரு இலைத் துண்டில் உருண்டை பிடித்து என் கையில் கொடுத்தாள்.

"உங்க அம்மா ஆயிரம் சொல்லுவாங்க. நமக்கு மனசு கேக்குமா? ஒரு நாள் ஒரு உருண்டை வெச்சா குருவி அழிஞ்சிடாது. பிள்ளைங்க பசியோட உக்காந்திருக்கு, போங்க."

குனிந்து பார்த்தேன். ரசம் சாதம். மேலே அப்பளம் நொறுக்கிப் போட்டிருந்தாள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அம்மாவிடமிருந்து பார்த்துப் பழகின கை அது.

மொட்டைமாடிக்குப் போனேன். கீழே வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்காட்டிகள் கத்திக்கொண்டிருந்தன. குஞ்சு பொரிக்கிற காலம். கைப்பிடிச் சுவரில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது. இறக்கை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஏதோ ஒரு காக்கா. என் கையைப் பார்த்தது. வைத்தால் அம்மாவின் கடைசி வார்த்தையை மீறினவனாவேன். வைக்காவிட்டால் அவள் தனக்குத்தானே விதித்துக்கொண்ட பட்டினியை நானே நிறைவேற்றி வைக்கிறேன். அப்பாவை ஒரு தடவை விரட்டியாயிற்று. இனி இவளையுமா?

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பிறகு அந்த உருண்டையை நானே தின்றேன். கைப்பிடிச் சுவரில் தோளைச் சாய்த்து, நின்றுகொண்டே, அப்பளத் துணுக்குகூட விடாமல். மிளகு தொண்டையில் காந்தியது. காக்கா கொஞ்சம் நகர்ந்து கிட்டே வந்து, என் வாயையே பார்த்தது.

"காக்கா எடுத்துச்சாங்க?" கீழே படியிலிருந்து மனைவி கேட்டாள்.

வெறும் இலையை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டேன்.

"எடுத்துடுச்சு," என்றேன். "இலை போடு, வர்றேன்."